தண்ணீரில் மூழ்கிய விரால்

என் அப்பா பாம்பன் தீவில் வலை இழுத்தவர். எங்கள் தெருவில் வீடு கட்ட வந்த கள்ளக்குறிச்சிக் கொத்தனாரை நான் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டதில் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. பேத்தி பிறந்ததற்குக்கூட அம்மா மட்டும்தான் வந்து போனாள்.

பிறகு மகளுக்குக் காது குத்த நாள் வைத்தோம். அதற்கு முந்தின நாள் காலையில், வடக்கனந்தல் பஸ்ஸிலிருந்து ஒரு மஞ்சள் பையோடு அப்பா இறங்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோறு போட்டுக்கொண்டு வந்தால், "பேத்தியப் பாக்கத்தான் வந்தேன். சோறு வேணாம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் பன்னும் டீயும் சாப்பிட்டு வந்தார். மனத்தாங்கல் உள்ள வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் பகை தீர்ந்தது என்று ஆகிவிடும். ஊரே பார்க்க அவர் பன் தின்றதில் எனக்கு வயிறு எரிந்தது.

கேட்டதற்கு ஒரு சாக்கு வேறு வைத்திருந்தார். "ஏரி மீன் சேத்து வாடை அடிக்கும். நமக்கு ஆகாது."

ஏனென்றால் அது எங்கள் ஏரி வற்றும் சமயம். கல்வராயன் மலையில் மழை பெய்தால் நிறையும், சித்திரையில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். அப்போது ஊர் கூடி ஒரு நாள் சொல்வார்கள். ஆண், பெண் எல்லோரும் அடியில்லாத ஊத்தாக் கூடையோடு இறங்கிச் சேற்றில் அழுத்தி, உள்ளே கைவிட்டு மீனைப் பிடிப்போம். பாம்பனில் நான் பாசி எடுக்கக் கடலில் இறங்கியிருக்கிறேனே தவிர, மீன் என்று ஒன்றைப் பிடித்ததே இல்லை. இங்கே வந்துதான் பிடித்தேன். முதல் வருஷம் கெளுத்தி முள் குத்திக் கை வீங்கியது, எல்லோரும் "கடல்காரி" என்று கேலி செய்தார்கள்.

மறுநாள் காதுகுத்து விருந்துக்கென்று என் வீட்டுக்காரர் அன்று காலையிலேயே ஏரியில் இறங்கி நல்ல விராலாகப் பார்த்துப் பிடித்து, அண்டாவில் கால்வாசித் தண்ணீர் விட்டுப் போட்டிருந்தார். விராலை உயிரோடு வைத்திருந்து, ஆக்குகிற நேரத்தில்தான் அறுப்பார்கள். செத்த விராலைச் சும்மா கொடுத்தாலும் இந்த ஊரில் வாங்க மாட்டார்கள்.

மத்தியானம் அப்பாவைத் தூளியில் தூங்கும் குழந்தைக்குக் காவல் வைத்துவிட்டு, நான், வீட்டுக்காரர், மாமியார் மூவரும் மறுபடி ஏரிக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் அண்டா மேல் தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் அம்மிக் குழவி. அத்தை குழவியை இறக்கித் தாம்பாளத்தை எடுத்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர். விரால்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"இன்னாங்கண்ணா இது?" என்றார் அத்தை.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "கொஞ்சத் தண்ணியில வாயைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குச்சு. பாவமா இருந்துச்சு. கொடம் கொடமா ஊத்தினேன். துள்ளி வெளிய விழுந்துரும்னு மூடி வச்சேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "விரால் மேல வந்து வந்து காத்து குடிச்சிக்கினுதாங்க உயிரோட இருக்கும். இப்பிடி மூடிட்டீங்களே. மீனைத் தண்ணியில முக்கிச் சாவடிச்ச மொத ஆளு நீங்கதான்."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க வீட்டுச் சோறுதான் ஆகாது. மீனு என்னப்பா செஞ்சுச்சு?" என்று கத்திவிட்டேன். 

"வுடுமா. செத்த விரால நம்ம வூட்ல ஆக்க மாட்டோம். கொண்டுபோய்க் குப்பையில கொட்டு" என்றார் அத்தை.

அப்பா எழுந்துவிட்டார். "கொட்டுறதா? மீனைக் கொட்டுவாங்களா? கடல் மீனெல்லாம் செத்துத்தானே கரைக்கு வருது? அருவாமனையை எடு."

அவரே உட்கார்ந்து செதில் எடுத்தார். விரால் கையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி ஓடியது. அத்தை அடுப்புச் சாம்பலை அள்ளிப் பக்கத்தில் வைத்தார். அப்பா சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, துண்டு போட்டுக் கொடுத்தார். நான் பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

இலையைப் போட்டது அத்தைதான். ஒரே ஒரு இலை. "நாங்க யாரும் இதைத் தொட மாட்டோம். கொட்டக் கூடாதுன்னு சொன்ன ஆளுதான் துன்னணும். உக்காருங்கண்ணா."

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாரா என்று அத்தையிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை. அப்பா குழம்புச் சட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன். ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டு, "உப்பு கொறைச்சல்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உப்பு எடுக்கிற சாக்கில் அடுப்பங்கரைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு கதவோரம் நின்றிருந்தார். அப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"நீங்களும் உக்காருங்க, மாப்ள. இம்புட்டையும் ஒத்த ஆளாத் திங்க முடியாது."

என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து செத்த விராலைத் தொட்டவரில்லை. அன்றைக்கு இலை போடும்வரைகூடக் காத்திருக்காமல் உட்கார்ந்து, மீன் தலையைக் கேட்டு வாங்கித் தின்றார்.