கழுவிய விரல்

எங்கள் ஊர் என்று நான் வாய் தவறிச் சொன்னால் அம்மா உடனே திருத்துவாள். ஊர் அவர்களுடையது, நமக்குக் காலனி. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் இருந்த அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான் ஓடியது. ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம். வெயிலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொளுத்தும்.

அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அது ஒரு தகரக் கொட்டகைதான். ஆனாலும் அதைக் கம்பெனி என்பார்கள், வைத்திருந்தவரை முதலாளி என்பார்கள். கொட்டையின் தோட்டில் ஒரு பால் இருக்கிறது. மேலே பட்டால் எரியும், தோல் உரியும், பிறகு கறுத்துப்போய் அங்கேயே தங்கிவிடும். விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அப்படியும் காலனிப் பெண்கள் எல்லோருக்கும் கை அடுப்புக்கரி அள்ளியதுபோல்தான் இருக்கும். ஊர்ப் பெண்களின் கை மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்து, பாவம், அவர்களுக்கு ஏதோ சீக்கு என்று நான் முடிவு செய்திருந்தேன்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் தேர்தல் வந்தது. வகுப்பில் டீச்சர், "ஜனாதிபதிக்கும் ஒரு ஓட்டுதான், ஒங்க அம்மாவுக்கும் ஒரு ஓட்டுதான்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். ஜனாதிபதி யாரென்று எனக்குத் தெரியாது. கார் வைத்திருப்பார் என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா பானையை அப்படியே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அம்மா மறுபடி ஓட்டுப் போடப் போகிறேன் என்றது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் தம்பி அவர், டிராக்டர் ஓட்டுகிறவர். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்ததால் எங்களுக்கு நல்லது கெட்டது சொல்ல மாமாதான்.

"போன தடவ பட்டது போதாதாக்கா? வாணாம், உடு."

போன தேர்தலில் அம்மா வரிசையில் நின்று உள்ளே போயிருக்கிறாள். கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர் முதலாளி. அம்மாவின் விரலைப் பார்த்து, 'கறை இருக்கே சார், ஏற்கெனவே போட்டுட்டு மறுபடி வந்திருக்கா' என்றாராம். அந்தக் கறை எந்தக் கொட்டகையில் பட்டது என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதிகாரி வெளியூர்க்காரர், தலையாட்டிவிட்டார். அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

"இந்தத் தடவ வெரலு சுத்தமா இருக்கும்டா. என்னா சொல்றாருன்னு பாக்கறேன்" என்றாள் அம்மா.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தாள். புளி போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள், கடைசியில் செங்கல்லை நுணுக்கிவைத்துத் தேய்த்தாள். எல்லா விரலையும் அல்ல, மை வைக்கும் அந்த ஒரு விரலை மட்டும். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சோறு பிசையும்போது கூட அந்த இடது கையைத் தொடையில் பத்திரமாக வைத்துக்கொள்வாள். தேர்தலன்று காலையில் பார்த்தால், மற்ற கறுப்பு விரல்களுக்கு நடுவே அது ஒன்று மட்டும் சிவந்துபோய், வேறு யாருடைய விரலோ போல இருந்தது.

நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். ஓட்டுச்சாவடி எங்கள் பள்ளிக்கூடத்தில்தான், அதுவும் என் வகுப்பில். என் வகுப்புக்கு அம்மா விருந்தாளியாக வருவதாக எனக்கு ஒரே பெருமை. உள்ளே முதலாளி உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே அம்மா விரலை நீட்டினாள்.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"காலைலயே போட்டுட்டு, மையக் கழுவிட்டு வந்திருக்கா சார். பாருங்க, அந்த ஒரு வெரலு மட்டும் எப்படிச் செவந்து கெடக்குன்னு."

"நான் இப்பதாங்க வரேன்" என்றாள் அம்மா.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். "ஒங்க ஓட்டு பதிவாயிருக்கேம்மா."

"யாரு போட்டது?"

அதிகாரி அடுத்த ஆளின் சீட்டுக்குக் கை நீட்டினார். வாசலில் நின்ற போலீஸ்காரர், "எம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்கள்ல, நகரு" என்றார். கறை இருந்தாலும் குற்றம், கறை இல்லாவிட்டாலும் குற்றம். அடப்பாவிகளா என்று இன்று எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கோ, யாரோ நமக்காக மெனக்கெட்டுப் போட்டுவிட்டார்கள், வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு மை கிடைக்கவில்லையே என்பது ஒன்றுதான் என் குறை. இத்தனை நாள் அவள் பாடுபட்டது அதற்காகத்தானே?

சாயங்காலம் அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் தோப்புக்குப் போய் ஒரு பச்சைக்கொட்டை பொறுக்கி, கல்லில் வைத்து நசுக்கி, விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் நாங்கள் அந்தப் பாலால் கையில் தேள், பூ என்று வரைந்துகொள்வது உண்டு.

"வெரலக் காட்டும்மா. நான் மை வெக்கிறேன்."

என்னைப் பார்த்தாள், கொட்டையைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். சாவடியில் மற்றவர்களுக்கு வைத்ததை நான் பார்த்திருந்தபடியே நகத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு போட்டேன். அவள் மறு கையால் புடவைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. நல்லா வை."

காலையில் அது நன்றாகக் கறுத்திருந்தது. அம்மா வேலைக்குப் போனாள், லீவு என்பதால் நானும் கூடவே போனேன். கொட்டைக் கூடையை நகர்த்தும்போது முதலாளி அந்த விரலைப் பார்த்துவிட்டார்.

"எவன் வெச்சான் ஒனக்கு மையி?"

"போட்டாச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? போட்ட கைக்கு மை வாணாமா?" என்றாள் அம்மா.

கொட்டை உடைக்கும் சத்தம் சட்டென்று நின்றுபோனது. யாரோ ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அம்மா சொன்னதை அவர் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து காலனியில் யாருக்கும் அங்கே வேலை இல்லை. கூட உட்கார்ந்து கொட்டை உடைத்தவர்களே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். "ஒன் ஒத்த வெரலால எங்க புள்ளைங்க சோறு போச்சுடி" என்று கத்தினார்கள். சிரித்தவளும் அதில் இருந்தாள். அந்த வாரமே முதலாளியின் ஆட்கள் மாமாவைத் தோப்பில் வழிமறித்து அடித்தார்கள். வலது காது அதற்குப் பிறகு அவருக்குக் கேட்கவே இல்லை. போலீஸில் சொல்லப் போனதற்கு, குடித்துவிட்டு டிராக்டரிலிருந்து விழுந்திருப்பாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா குடிக்க மாட்டார்.

சட்டிபானையைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தோம். அம்மா ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தாள். நான் அதில்தான் படித்தேன், பட்டம் வாங்கினேன், வேலைக்கும் போனேன். என் மை ரொம்பவும் கறுப்பாகப் பிடித்துவிட்டதால்தான் எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே தேர்தல் வந்தால் அம்மா முதல் ஆளாகப் போய் நிற்பாள். இங்கே நாங்கள் யாரென்று யாருக்கும் தெரியாது, அந்தமட்டில் நிம்மதி. ஆனாலும் மை வைக்க விரலை நீட்டும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். அந்த நகம் பிறகு நேராக வளரவே இல்லை. நான் கோடு போட்ட இடம் தழும்பாகிக் கிடக்கிறது.

செங்கல் தேய்த்துத் தோல் போய்க் கிடந்த விரல் அது. அதில் கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று, ஆயுசெல்லாம் அதற்குப் பயந்து சாம்பல் பூசிக்கொண்டவளுக்குத் தெரியாதா? வலிக்குதா என்று கேட்டேன், இல்லை என்றாள். நான் அதை நம்பி, இன்னும் கொஞ்சம் தொட்டு வைத்தேன்.