காப்புக்கு முந்தின வியாழக்கிழமை

கடலுக்கு நடுவில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இரண்டு மாதம் திட்டம் போட்டார்கள் என் வீட்டில். சும்மா உட்காருவதற்கு எதற்குத் திட்டம் என்று கேட்டேன். அது குத்தமாகிவிட்டது.

தை மாதம் என் வீட்டுக்காரிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நல்லபடியாகத்தான் முடிந்தது. அனுப்பும்போது டாக்டரம்மா அவளிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"குடம் தூக்கக் கூடாது. குனிஞ்சு வேலை செய்யக் கூடாது. நல்லா ரெஸ்ட் எடுக்கணும். வீட்டுல கூடமாட செய்ய ஆள் இருக்குதா?"

"நான் இருக்கேங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற இவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. மூன்றாவது வாரமே அவள் மாட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லாமல் இல்லை. சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். திரௌபதி அம்மனுக்குச் சாயங்கால விளக்கு என் பொறுப்பு. முப்பது வருஷமாகத் தீ மிதிக்கிறவன் நான். ஒரு வருஷம் தவறியதில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பையனும் மருமகளும் வந்தார்கள். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போனை நீட்டிக்கொண்டு இறங்கியிருப்பான் போல. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா, இதப் பாரு" என்றான்.

அந்தமானுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கப்பலில் போய், அப்புறம் படகில் போனால் ஒரு சின்னத் தீவாம். அங்கே ஐந்து நாள் இருக்க வேண்டுமாம். நாங்கள் நான்கு பேரும்.

"அங்க டிவி கூட கிடையாது அத்தை. செல்போன் டவரும் சரியா கிடைக்காது. அவ்ளோ அமைதியா இருக்கும்" என்றாள் மருமகள், என்னவோ அம்மன் தரிசனம் கிடைத்தவள் மாதிரி.

"டவர் இல்லாததுக்கா இவ்ளோ தூரம் போறீங்க? மண்டகப்பட்டு பாறைக் கோயிலுக்குப் பின்னால போய் நில்லு. அங்கயும்தான் கிடைக்காது. டவுன் பஸ்லயே போய்ட்டு வந்துடலாம்" என்றேன்.

போனில் ஒரு படம். இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே வலை ஊஞ்சல். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முகத்தின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். படிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

"நம்ம மோட்டார் கொட்டாய்கிட்ட ரெண்டு தென்ன நிக்குது. பழைய பொடவை ஒண்ணைக் கட்டித் தொங்கவுட்டா ஆச்சு. நீ போய்ப் படுத்துக்கோ. யாரு வேணாங்கறா?" என்றேன் இவளிடம்.

"நான் அங்க போய்ப் படுத்தா, அப்படியே மோட்டாரைப் போட்டுட்டு வா, விழுந்த மட்டைய இழுத்துக்கினு வான்னுவீங்க" என்றாள்.

மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டு, நான் பார்த்ததும் போனைப் பார்த்தாள்.

பையன் ஒரு தாளில் திட்டம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். முதல் நாள் போய்ச் சேருவது. இரண்டாம் நாள் ஓய்வு. மூன்றாம் நாள் முழு ஓய்வு.

"ஓய்வுக்கும் முழு ஓய்வுக்கும் இன்னாடா வித்தியாசம்?"

"ரெண்டாம் நாள் ஒரு மணி நேரம் போட்ல போறோம்பா. மூணாம் நாள் அதுவும் இல்ல."

இப்படி எழுதிவைத்து ஓய்வெடுக்கிற ஜனங்களை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் அப்பா நாள் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு வரப்பிலேயே துண்டை விரித்துச் சாய்வார். அவருக்கு யாரும் தாள் எழுதித் தரவில்லை.

நான் இப்படி ஒவ்வொன்றாய் இடித்துக்கொண்டே இருக்க, இவள் மட்டும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அங்க யாருப்பா சமைப்பாங்க?"

"ஓட்டல்காரங்கம்மா."

"பாத்திரம்?"

"அவங்களேதான்."

அப்புறம் நான் கொல்லைப்புறம் போன நேரம் பார்த்து, "அந்த ஊஞ்சலை இன்னொருக்கா காட்டும்மா" என்று மருமகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அடுத்த தடவை வரும்போது மருமகள் ஒரு ஓலைத் தொப்பி வாங்கி வந்தாள். அகலமான விளிம்பு, சுற்றிலும் நீல ரிப்பன். இவள் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் காலண்டர் ஆணியில் மாட்டிவைத்தாள். தினம் கற்பூரம் காட்டும்போது அம்மனோடு சேர்த்து அந்தத் தொப்பிக்கும் நான் காட்ட வேண்டியதாயிற்று.

"திருஷ்டி பொம்மைக்கு நல்லா இருக்கும்" என்றேன்.

"ஊருக்குப் போய்ட்டு வந்ததும் உங்களுக்குப் போட்டு வாசல்ல நிறுத்தறேன்" என்றாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீமிதிக்குப் பத்து நாள் முன்னால் அம்மனுக்கும் தீ மிதிக்கிறவர்களுக்கும் காப்புக் கட்டுவோம். மஞ்சள் துணியில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவது. காப்புக் கட்டும்போது யார் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் எல்லாருமே கட்டுப்பட்டவர்கள். காப்பை அவிழ்க்கிறவரை ஒரு ராத்திரி கூட வெளியூரில் தங்கக் கூடாது. அதனால் லாரி ஓட்டுகிறவர்களும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் முந்தின நாளே துணிப்பையோடு பைபாஸைத் தாண்டிவிடுவார்கள். வெளியே இருப்பவனை அந்தக் கட்டு பிடிக்காது. அப்படிப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மனுக்கே டேக்கா கொடுக்கிறார்கள் என்று பம்ப் செட்டில் நின்றுகொண்டு ஏசியிருக்கிறேன்.

வழக்கமாக எங்கள் தீமிதி வைகாசியில்தான் வரும். அதை நம்பிப் பையன் சித்திரை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். ஊர் கூடித் தேதி வைக்கிறதற்கு முன்னால் டிக்கெட் எடுக்கிறவன் எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான். சென்னைக்குப் போய்ப் பத்து வருஷமானால் இந்தப் புத்தி கூட மறந்துபோகிறது.

பங்குனியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாரதம் படிக்கிறவர் வைகாசி முதல் பாதியை வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டாராம். சித்திரை மூன்றாவது வெள்ளிக்கிழமை காப்புக் கட்டலாம், இல்லாவிட்டால் வைகாசிக் கடைசி வெள்ளி. இரண்டில் எது என்று நாட்டாமை கேட்டார். எந்தத் தேதியானாலும் மற்றவர்களுக்கு ஒன்றுதான்.

நான் கையைத் தூக்கினேன்.

"அம்மன் காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதுங்க. சித்திரையிலேயே வெச்சுடலாம்."

என் குரல் கூட அப்போது கொஞ்சம் தழுதழுத்தது. முப்பது வருஷம் தீ மிதித்தவன் சொன்னால் மறுப்பார்களா? அப்படியே முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். "சித்திரையில வெச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமை காப்பு. நாம எங்கயும் போக முடியாது. இன்னா பண்றது, அவ இஷ்டம்."

"சரி" என்றாள். மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தக் கூட இல்லை.

பையன்தான் போனில் குதித்தான். அவனையும் மருமகளையும் மட்டும் போய்வரச் சொன்னேன். ஜெயித்தவனுக்குத் தாராளம் வந்துவிடுமே. அந்த மூன்று வாரமும் தினம் ஒரு தடவையாவது, "உன் தீவு கடல்ல முழுகிப்போச்சு போல" என்று சீண்டாமல் நான் சாப்பிட உட்காரவில்லை. அவள் பரிமாறிவிட்டு, ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டாள். எப்போதும் அப்படித்தான். நான் அதைக் கவனித்ததும் கிடையாது.

காப்புக்கு முந்தின வியாழக்கிழமை காலையில், "டாக்டரம்மா வரச் சொன்னாங்க, காட்டிட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். "ஜல்தியா வந்துடு, வீடு மெழுகணும், நாளன்னிக்கு அக்கா தங்கச்சியெல்லாம் வந்துடுவாங்க" என்றேன். ஆபரேஷன் பண்ணின உடம்பைக் காட்டப் போகிறவளிடம் சொன்ன பேச்சு அது. பை கொஞ்சம் பெரியதாக இருந்தது. அதையும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும்போதுதான் பார்த்தேன். காலண்டர் ஆணியில் தொப்பி இல்லை.

போன் போட்டேன்.

"திருவெண்ணெய்நல்லூர்ல தம்பி வீட்ல கீறேன்" என்றாள்.

"அங்க இன்னா வேலை? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடு. காப்பு."

"வரமாட்டேங்க. காப்புக் கட்றப்ப ஊர்ல இருக்கறவங்களத்தானே கட்டு? நான்தான் தாண்டிட்டேனே. சனிக்கிழமை பையன் வந்து கூட்டிக்கினு போறான்."

கோபத்தில் கத்தினேன். "அம்மனுக்கு இன்னாடி பதில் சொல்லுவ?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். காலையில கோயில் வாசல்ல நின்னு, தாயே, எனக்கு ஒரு அஞ்சு நாள் குடுன்னு கேட்டுட்டுத்தான் பஸ் ஏறனேன். நீங்க அவகிட்ட இன்னா சொல்லிட்டுக் கையத் தூக்கினீங்க?"

ஊர்க்கூட்டத்தில் நடந்தது பொம்பளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை என் கையில் காப்புக் கட்டினார்கள். சனிக்கிழமை அக்காவும் தங்கையும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அண்ணி எங்கே என்றாள் தங்கை. சொன்னேன்.

"தீவுக்கா? கோச்சிக்கினு அம்மா வீட்டுக்குப் போவாங்க, அதுவும் இல்லன்னா தம்பி வீட்டுக்குப் போவாங்க. கடலைத் தாண்டிப் போற அளவுக்கு நீ இன்னாண்ணே பண்ண?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "தண்ணி யாரு தூக்கறது?" என்றாள்.

நான்தான் தூக்கினேன். தீமிதி என்றால் விரதம், ஈர வேட்டி, கோயில் மண்டபம், இரவல் பாயில் பாரதம் கேட்பது என்றுதான் முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளும் வீட்டுக்குள் இன்னொரு நெருப்பு எரிகிறது என்று தெரியாது. குழம்பு கூட்டுவதற்குள் காபி கேட்கிறார்கள். காபி கொடுப்பதற்குள் ஒரு பிள்ளை வெந்நீர் கேட்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் மாடு கத்துகிறது. அக்கா மூட்டு வலிக்காரி, முடிந்ததைச் செய்தாள். தங்கை சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறும்போது எனக்கே அடிவயிறு இழுத்தது. தையல் போட்ட வயிறு எப்படி இழுத்திருக்கும் என்று அந்தப் படியில் நின்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை போன் வந்தது. படகுத்துறைக்கு வந்தால்தான் டவர் கிடைக்கிறதாம்.

"இன்னா பண்ற?"

"சும்மா உக்காந்துகினு கீறேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் சும்மாதான்."

"சாப்டியா?"

"சாப்ட்டேங்க. எவளோ புண்ணியவதி ஆக்கினது. சுடச்சுட இருந்துச்சு."

கேலி செய்ய வேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தேன். அதற்குள் அடுப்பில் குழம்பு பொங்க, போனை வைத்துவிட்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. பூங்கரகம் முன்னால் இறங்கியது. நான் நான்காவது ஆளாக இறங்கினேன். "தாயே, உன் பேரைச் சொல்லி அவளை ஏமாத்தப் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டேதான் காலை வைத்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சுட்டது. நெருப்பைத் தாண்டியதும் கால் நனைக்கிற பால் குழியில் நிற்கும்போது இடது கால் தீயாய் எரிந்தது. கேட்டவர்களிடம் கரித்துண்டு ஒட்டிக்கொண்டது என்றேன். கூட்டத்தில் இவள் நின்றிருந்தாள். மத்தியானமே சென்னையிலிருந்து வந்துவிட்டாளாம். முகம் கறுத்துப்போயிருந்தது. ஆனால் எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிச்சி அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம்.

"அம்மன் பாத்துட்டா போல" என்றாள். மஞ்சள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் குடத்தை எடுத்தாள். நான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரு பார்க்கட்டும் என்று குழாயடியில் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது, என்னைத் தாங்குவதற்கு அவள் எழுந்து வரவில்லை. உட்கார்ந்தபடியே காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு, வீம்பு போகாமல்தான் கேட்டேன். "அப்படி இன்னாதான் இருக்குது அந்தத் தீவுல?"

"ஒண்ணும் இல்லீங்க. நம்ம ஊரு மாதிரியேதான். தென்ன மரம், மணலு, வெயிலு" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "நீங்க மட்டும் இல்ல."