கேட்காத ஜால்ரா

என் மனைவியின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். எழுபதுகளின் கடைசியில் ஒரு முறை லீவில் வந்தபோது, கப்பலில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி அனுப்பியிருந்தான். ஒன்றைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். பாகூரில் மாமனார் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகளை நகர்த்திவிட்டு அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்கு எரிச்சல். பாட்டுக் கேட்க இத்தனை பெரிய மரப்பெட்டியா?

"இந்தப் பொட்டிக்கு பொய் சொல்லத் தெரியாது மாமா" என்றான் மச்சான். "இன்னா மிஷினை மாட்டினாலும் அது யோக்கியதைய அப்படியே காட்டிக் குடுத்துடும்."

அவனிடம் இரண்டு ஆம்ப்ளிபையர் இருந்தன. ஒன்று அங்கிருந்து கொண்டுவந்தது. இன்னொன்று வில்லியனூரில் ரேடியோ கடை வைத்திருந்த பாய் செய்து கொடுத்தது. கடையில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தனவாம். சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மழுப்பிவிடும், பெரிய பெட்டியில் போட்டால் தெரியும் என்று மச்சான் சொல்லியிருக்கிறான். பாயும் ரோஷத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

நாதஸ்வர ரிக்கார்டு ஒன்றை ஓடவிட்டான். நடுவில் ஒரு சுவிட்ச். இப்படித் தள்ளினால் பாயுடையது, அப்படித் தள்ளினால் வெளிநாட்டுடையது.

"இப்ப கேளு. இப்ப கேளு. தெரியுதா?"

"ஒரு மண்ணும் தெரியல."

"ஜால்ராவக் கேளு மாமா. பாயோடதுல டிக்குனு தட்டறதோட போயிடுது. இதுல தட்டினப்புறமும் கணீர்னு இழுக்குது பாரு."

எனக்கு நாதஸ்வரம் கேட்டது. தவில் கேட்டது. ஜால்ரா எங்கே இருந்தது? பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒத்துக்கிறேம்பா. என்னுது தோத்துப்போச்சு."

"இன்னா பாய், சொல்தாவுக்கு ஜால்ரா அடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"தோத்தது என் சரக்குய்யா. நான் இன்னாத்துக்கு அடிக்கணும்?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருவரும் சேர்ந்து என்னை முட்டாள் ஆக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் துண்டை எடுத்து சுவிட்சின் மேல் போட்டேன். "கைய மூடிக்கினு தள்ளு. எது ஓடுதுன்னு எவன் சொல்றான் பாப்போம்" என்றேன். அந்தப் புத்தியை எனக்கு யார் கொடுத்தார்களோ.

மச்சான் துண்டுக்குள் கையை விட்டான். பாய் வாயைத் திறப்பதற்குள் கொல்லையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. நல்லவாடு கடற்கரையிலிருந்து வரும் மீன்காரியிடம் வாங்கிய மீனை அங்கே உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். இடையில் ஒரு சுவர். சுவிட்சும் தெரியாது, துண்டும் தெரியாது.

"டேய், இன்னாடா பண்றே? ஜால்ரா நல்லா கேட்டுக்கினு இருந்தது. இப்ப அமுங்கிப்போச்சு."

மச்சான் துண்டை எடுத்துக் காட்டினான். சுவிட்ச் பாயின் பக்கம் இருந்தது. மறுபடி தள்ளினான். "தோ, வந்துடுச்சு" என்றாள் அவள். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். அவளுக்கு ஆம்ப்ளிபையர் என்ற சொல்கூட வாயில் நுழையாது. பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

மச்சான் சுவிட்சை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். பாயும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் நெசவு மில்லில் தறி ஓட்டினேன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவன். ஷெட்டுக்குள் நுழைந்தால் தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், மடையர்கள்.

சைக்கிளில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் காதருகில் வந்து சொன்னாள். "நீ கோவத்துல கத்தறேன்னு இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்யா."

நான் கோபக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவள் முணுமுணுக்கிறாள், வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று நான் எத்தனை முறை சோற்றுத் தட்டைத் தள்ளியிருக்கிறேன்! அன்றைக்குப் படுத்தபோது அவளும் பிள்ளைகளும் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொசு வராது, என் ரத்தம் கசப்பு என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன். கையைத் தடவிப் பார்த்தேன். தடிப்புத் தடிப்பாக இருந்தது. கடித்துக்கொண்டுதான் இருந்தன. அவை பாடுவதுதான் எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மில் டிஸ்பென்சரிக்குப் போனேன். காதில் அழுக்கு என்று கம்பவுண்டர் சொட்டு மருந்து விட்டார். வேறு பகுதிக்கு மாற்றிவிடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டேன். "காது வேணும்னா வேற எடத்துல வேலை தேடு. தறிக்குக் கை போதும்" என்றார். அவரும் என் உதட்டைப் பார்த்துத்தான் பேசினார். பஞ்சை உருண்டையாக்கிக் காதில் அடைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஷிப்டு முடிந்து டீக்கடையில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசினோம். கத்துகிறோம் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் அப்போது தெரியும். வேலையை விடவில்லை. நிலம் கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகள்.

மச்சான் பிரான்சுக்குத் திரும்பும்போது அறுப்பு நேரம். கூடத்தில் மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று பெட்டி, பிளேயர், இரண்டு ஆம்ப்ளிபையர் எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மில் லீவு நாளில் அந்த ரிக்கார்டைப் போடச் சொல்வேன். வெளிநாட்டு ஆம்ப்ளிபையரில் அவள் ஓடவிட்டு எதிரில் உட்காருவாள். ஜால்ரா ஒலிக்கும்போது விரலைத் தூக்குவாள். ஒலி அடங்கியதும் இறக்குவாள். நான் விரலைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுப்பேன். முதலில் இழுப்பு மட்டும்தான் கேட்காமல் இருந்தது, தட்டுவதாவது கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அடுத்த மழைக்காலத்துக்குள் தவில்காரர் விரலில் மாட்டும் கூடு தோலில் படும் அந்தச் சுள்ளென்ற சத்தம் மழுங்கிப்போனது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் மட்டும் தும் தும் என்று நெஞ்சில் இடித்தது. பாயின் ஆம்ப்ளிபையரை மாட்டச் சொன்னேன். அதிலும் அதே தும் தும். பெட்டி மாறவில்லை, ரிக்கார்டும் மாறவில்லை.

இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வந்த ஒரு நாள் காலையில் அப்படி உட்கார்ந்திருந்தோம். அவள் விரல் மேலே போனது. எனக்கு நாதஸ்வரம் மட்டும் எங்கோ தொலைவில் ஊதுவது போல இருந்தது. விரல் இறங்கவில்லை. உதடும் அசைந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து பேசுகிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் பயம்.

"சத்தமா சொல்லேன்டி" என்றேன்.

மில்லில் பழகிய பழக்கத்தில் அவள் உதட்டைப் பார்த்துப் படித்தேன்.

"கத்திக்கினுதான்யா இருக்கேன்."