பெரியப்பாவுக்குப் போன தந்தி

எங்கள் பெரியப்பா யுத்தத்தில் விமானம் ஓட்டியவர் என்று ராஜபாளையத்தில் என்னோடு படித்த அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் அவருடைய விமானப்படைக் காகிதங்கள் என் கைக்கு வந்தபோதுதான் அவர் எஞ்சின் ஃபிட்டர் என்று தெரிந்தது. ஏறிப் பறந்ததாக அந்தக் காகிதங்களில் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெரியப்பா யுத்தம் முடிந்து வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பருத்தி ஜின்னிங் ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவ உதவி உண்டு என்று யாரோ சொல்ல, பெரியம்மா எழுதிப் போட்டார். பதிலுக்கு ஒரு கட்டு நகல்கள் வந்தன. அவர்களுடைய ஒரே மகனுக்கு பெங்களூரில் வேலை. நான் ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் குடும்பத்தில் என் தலையில்தான் விழும்.

ஆனால் பெரியம்மா கட்டைக் கொடுத்தபோது மருத்துவ உதவியைப் பற்றிப் பேசவேயில்லை.

"உங்க தாத்தா செத்த சமயம் அவிய ஏன் வரலைன்னு இதுல இருக்கான்னு பாரு தாயி. இருந்தா உங்க அப்பாட்ட காட்டு. அவிய போறதுக்குள்ள ஒருக்க வந்து பாத்துட்டுப் போகட்டும். யார் வந்தாலும் தம்பியோன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ."

என் அப்பாவும் பெரியப்பாவும் பேசி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. தாத்தா செத்தபோது பெரியப்பா கல்கத்தாப் பக்கம் ஒரு விமானத் தளத்தில் இருந்தார். கொள்ளி வைக்க வர முடியாது, சரி. பதினாறாம் நாள் காரியத்துக்காவது மூத்த மகன் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. மீசைகூட சரியாக முளைக்காத என் அப்பாதான் இரண்டையும் செய்தார். போதாக்குறைக்கு, மம்சாபுரத்துப் பட்டாளக்காரர் ஒருவர் லீவில் வந்து, பெரியப்பாவைக் கல்கத்தாவில் சினிமாக் கொட்டகை வாசலில் பார்த்ததாகப் பற்றவைத்துவிட்டுப் போனார். யுத்தம் முடிந்து வந்த பெரியப்பா, "லீவு குடுக்கல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அப்பா அதை நம்பவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, கல்யாண வீடுகளுக்கு ஒருவர் முகூர்த்தத்துக்குப் போனால் மற்றவர் மாலை வரவேற்புக்குப் போவார். இந்தக் கூத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

காகிதங்களைப் படிப்பது லேசாக இல்லை. கார்பன் நகலை மறுபடி நகல் எடுத்தது. எல்லாமே சுருக்கெழுத்துகள். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் எண்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச் சட்டியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தெரிந்த எழுத்துகளை டைப் அடித்து, தெரியாததற்குப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். மூன்றாம் வாரம் ஒரு தாளின் அடியில் மூன்று வரிகள் பிடிபட்டன. அவசர விடுப்பு கேட்டு விண்ணப்பம், காரணம் 'ஃபாதர் சீரியஸ்' என்ற தந்தி. விசாரணைக்கு அனுப்பப்பட்டது. வழங்கப்படவில்லை. தந்தியின் தேதியும் இருந்தது.

சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் லீவு கேட்டிருக்கிறார். ஆனால் ஏன் கொடுக்கவில்லை? தளவாய்புரத்தில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அரிசி ஆலை வைத்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். தாளைக் காட்டியதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எப்படிம்மா குடுப்பான்? நம்ம ஆளுக ஆள் செத்தாலும் சீரியஸ்னுதான் தந்தி அடிப்பாக. வழியில பய அழுது அலமந்துருவான்னு. லீவு வேணும்ங்கவனும் அதையேதான் அடிக்கச் சொல்லுவான். என் காலத்துலயே சீரியஸ்னா ஆபீசர் நம்ப மாட்டான். கலெக்டர், தாசில்தார்னு எழுதிக் கேட்டு, பதில் வாரதுக்குள்ள இங்க கருமாதியே முடிஞ்சிரும். எக்ஸ்பயர்டுன்னு வந்தா வேற. அன்னைக்கே பாஸ் குடுத்து ரயிலேத்திருவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா இறந்த இங்கிலீஷ் தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாரண வருஷம், மாசி மாதம், தேய்பிறை நவமி. அப்பா வருஷாவருஷம் திதி கொடுப்பது அந்தக் கணக்கில்தான். எங்கள் மில் அக்கவுண்டன்ட் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரர். அவர்கள் வீட்டில் பழைய பஞ்சாங்கங்களைத் தூக்கிப் போட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவரிடம் கேட்டேன். மறுநாள் ஒரு துண்டுத் தாளில் தேதியை எழுதிக்கொண்டு வந்தார்.

தந்தியின் தேதி அதற்கு மறுநாள். 'சீரியஸ்' என்று தந்தி போனபோது தாத்தா உயிரோடு இல்லை. வீட்டில் அன்றைக்கு நாலு எழுத்து படித்தவர் என் அப்பா ஒருவர்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். லீவு கேட்டார், கொடுக்கவில்லை என்று பாதியை மட்டும் சொன்னாலும் அப்பா போயிருப்பாராக இருக்கும். ஆனால் அவர் கிண்டிக் கிளறுகிற ஆள், ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காமல் விட மாட்டார். ஒரு சாயங்காலம் அவருடைய புண்ணாக்குக் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் சீரியஸ்னு அடிச்சதாலதான் அவன் வரலைங்கியா?"

"ஆமாப்பா."

அடிக்க வருவார் என்று நினைத்தேன். அப்படியே சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்ப் பெரியவிய சொன்னாவ, ஏட்டி. செத்தாருன்னு அடிச்சா வழியில அவனுக்கு என்னமும் ஆயிரும்னாவ. அவம் மேல இருந்த பிரியத்துலதான் அப்படி எழுதிக் குடுத்தேன்." சாக்கில் தொங்கிய நூலைப் பிய்த்துக்கொண்டே, "காரியம் முடிஞ்ச பொறவு தலையாரி வந்தான். பெரியவர் என்னைக்குத் தவறுனாருன்னு கேட்டுட்டுப் போனான். எதுக்குக் கேக்கான்னு எங்களுக்கு வெளங்கல," என்றார்.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்தினார். இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். வன்னியம்பட்டியைத் தாண்டும்போது அவர் என் பக்கம் திரும்பினார். "அவனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரிந்திருக்கும் என்றேன். தந்தி வந்த நாள் அவருக்குத் தெரியும். ஊருக்கு வந்து திதியைக் கேட்டதும் மிச்சமும் தெரிந்திருக்கும்.

பெரியப்பா கட்டிலில் வாசலைப் பார்த்துத்தான் கிடந்தார். அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அடிச்ச தந்திதான்னு தெரியும்லாண்ணே? ஏன் சொல்லல? நாப்பது வருசமா உன்னய ஊரெல்லாம் ஏசியிருக்கேனே."

பெரியப்பாவின் முகத்தில் ஒரு பாதிதான் அழுதது. இடது கையை லேசாகத் தூக்கி, விடு என்பதுபோல் ஆட்டினார். பெரியம்மா, "எங்கிட்டகூடச் சொன்னதில்ல," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன் சொல் தம்பியைச் சுட்டுவிடக் கூடாது என்று ஒரு மனிதர் நாற்பது வருஷம் கெட்ட பெயரைச் சுமந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. விமானம் ஓட்டியவர் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு அப்பா வாரத்தில் மூன்று நாளாவது அங்கே போய்விடுவார். பருத்தி விலை, மழை, யார் வீட்டுக் கல்யாணம் என்று அவரே பேசுவார், பெரியப்பா கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வருஷம் ஐப்பசியில் பெரியப்பா தவறினார்.

வாசலில் பெரிய மனிதர்கள் கூடினார்கள். பெங்களூரில் இருக்கிற மகனுக்குத் தந்தி அடிக்க வேண்டும். இங்கிலீஷில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஃபாதர் சீரியஸ்னு எழுதும்மா. சின்னப் பய, தன்னந்தனியா வாரான்," என்றார் ஒருவர்.

அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார்.

"செத்துட்டாருன்னே எழுது."

"மச்சான், வழியில பய தவிச்சிருவான்..."

"தவிக்கட்டும். அழுதுகிட்டே வரட்டும். வந்து சேரணும்லா?"

அப்படியே எழுதினேன். மறுநாள் மத்தியானம், கண்ணெல்லாம் வீங்கிப்போய், அண்ணன் வந்து சேர்ந்தான்.