பாட்டுக்கு வராத வரி

என் மனைவி ரன்வெய் கடைக்கு எழுதும் சீட்டைக்கூட அடித்துத் திருத்தி மறுபடி எழுதுகிற ஆள். "பாலும் ரொட்டியும் சீஸும் வாங்க எதுக்குடி ரெண்டு தாளு?" என்று கத்துவேன். "சீஸ்தான் முதல்ல இருக்கணும். அதைத்தான் நீ மறந்துட்டு வருவே" என்பாள். ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுவது அவள் வேலை. குப்பை வண்டி வரும் கிழமை, பனி மூடிய சாலை, படகு ஓடாத நாள் எல்லாம் அவள் எழுத்துதான். அதையெல்லாம் யார் படித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

எங்கள் பள்ளத்தாக்குக்கு மேலே மொட்டையன் நிற்கிறான். மலைதான், ஆனால் நாங்கள் அவன் என்றுதான் சொல்வோம். அவன் உச்சந்தலையில் ஒரு பிளவு. அது விரிகிறதா என்று பார்க்கக் கருவி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் வேகமாக விரிந்தால், ரன்வெய் கீழே இருக்கும் பண்ணைகளுக்குக் கைபேசியில் செய்தி அனுப்புவாள். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவார்கள். மொட்டையன் அசையாமல் நிற்பான். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். வருடக்கணக்காக இதே கூத்து, இதே செய்தி.

மலைக்கு நேர் கீழே இருந்தது ரன்வெயின் அண்ணன் ஓஸ்முண்டின் ஆட்டுப் பண்ணை. என் மச்சான் வாய் சும்மா இருக்காது. "மொட்டையனின் அசைவு அதிகரித்துள்ளதால், அபாயப் பகுதியில் வசிப்போர் மறு அறிவிப்பு வரும்வரை வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற அந்த அறிவிப்புக்கு மெட்டுப் போட்டுவிட்டான். கிறிஸ்துமஸ் விருந்தில் ஊரே கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடியது. ரன்வெயும் சேர்ந்துதான் பாடினாள். செய்தி போகும் ஒவ்வொரு முறையும் மச்சான் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பான். பிறகு ஆடுகளுக்குத் தீனி வைக்கக் காட்டு வழியாக நைசாகத் திரும்பிப் போய்விடுவான்.

அந்த அக்டோபர் மதியம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஊராட்சியின் சாலை வண்டி ஓட்டுகிறவன். ஆற்றுப் பாலத்தில் தடுப்பு வைக்கச் சாவி வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ரன்வெயின் மேசையில் தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நிபுணர் இங்வில் பேசினாள். எப்போதும் நிதானமாகப் பேசுகிற பெண், அன்று வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

"மொட்டையன் மாசம் பூரா நகர்ற அளவு இன்னிக்குக் காலையிலயே நகர்ந்துருச்சு, ரன்வெய். இருட்டறதுக்குள்ள எல்லாரையும் வெளியேத்தணும்."

"பழைய செய்தி இருக்குல்ல, அதையே அனுப்பித் தொலை!" என்றேன்.

அவள் அனுப்பவில்லை. அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணா, இதைக் கேளு" என்று பழைய அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது சொல்லிலேயே அவன் சேர்ந்துகொண்டு பாட ஆரம்பித்துவிட்டான். கடைசியில் விசில் வேறு. "காபி வச்சிருக்கேன் புள்ள, குடிச்சிட்டுப் பாக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

ரன்வெய் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். "பாத்தியா? இதை அனுப்பினா அவனை நானே கொன்ன மாதிரி" என்றாள்.

எழுதினாள். பிளவின் அளவு, வேகம், கருவியின் கணக்கு என்று முதல் வரைவு நீளமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாகப் படித்தாள். என் கண் ஜன்னலுக்குப் போனதும் நிறுத்திவிட்டாள். அடித்தாள். அடுத்தது ஒரே கெஞ்சல். தயவுசெய்து, உங்கள் பிள்ளைகளுக்காக, தயவுசெய்து. "கோயில் பிரசங்கம் மாதிரி இருக்குடி" என்றேன். பயத்தில் நான் கத்திக்கொண்டிருந்தேன். அதையும் அடித்தாள். மழைச் சத்தத்தில் எங்கோ கல் உருளுவது போல இருந்தது. நிஜமா, என் பிரமையா, தெரியவில்லை.

மூன்றாவதில் செல்ல வேண்டிய வழி, தங்கும் இடம், மருந்து என்று வரிசையாக வந்தது. கடைசியில் ஒரு வரி: ஆட்டுத் தொழுவங்களைத் திறந்துவிடுங்கள்.

எனக்குச் சில்லிட்டுவிட்டது. குளிருக்குப் பயந்து மலையிலிருந்து ஓட்டி வந்து அடைத்த ஆடுகளை அக்டோபரில் யாராவது திறந்துவிடச் சொல்வார்களா? திரும்பி வரப் போவதில்லை என்றால்தான் சொல்வார்கள்.

ரன்வெய் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அந்த வரிக்கு மேலே இருந்த அத்தனையையும் அடித்தாள். கீழே மூன்று வரி சேர்த்து, இங்வில்லை மறுபடி அழைத்து வாசித்துக் காட்டினாள்.

"தொழுவத்தைத் திறந்துவிடுங்கள். ஆடுகள் தாமே போய்க்கொள்ளும். நீங்கள் இப்போதே பாலத்தைக் கடந்து வாருங்கள். மொட்டையன் விழப்போகிறான்."

"விழப்போறான்னு நான் சொல்லலையே! விழக்கூடும்னுதான் சொல்ல முடியும்" என்றாள் இங்வில்.

"அவன் விழலேன்னா நாளைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கட்டும். ஊர் சிரிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பாலத்துக்குப் போனோம். வண்டிகள் வந்தன. யாரும் ஜன்னலைத் திறந்து கேலி பேசவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ரன்வெய் குனிந்து பார்த்தாள். ஓஸ்முண்ட் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. பிறகு வண்டிகளே வரவில்லை.

"காட்டு வழியாத் திரும்பியிருப்பான், நாய்ப் பய" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பாலத்தின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ச்சரிவில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ஆடுகள். மேய்ப்பவன் இல்லாமல், சிதறி, மேட்டை நோக்கி ஓடின. ரன்வெய் "திறந்துட்டான், திறந்துட்டான்" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அதற்குப் பிறகுதான் அவன் பழைய வேன் வளைவில் தெரிந்தது. எங்களைத் தாண்டிப் போய் நிறுத்தி இறங்கினான். மழைச்சட்டைகூடப் போடவில்லை.

அப்போது மொட்டையன் விழுந்தான். சத்தத்துக்கு முன்பே தரை ஆடியது. தூசி எழுந்து பள்ளத்தாக்கை மூடியது. அது அடங்கியபோது மச்சானின் வீடும் இல்லை, தொழுவமும் இல்லை.

ஓஸ்முண்ட் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்தான். பிறகு தங்கையிடம் திரும்பினான்.

"பாடித்தான் பாத்தேன் புள்ள. முத வரியே மெட்டுல உக்கார மாட்டேன்னுருச்சு. அப்பத்தான் பயம் வந்துச்சு."

ரன்வெய் ஈரச் சாலையில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.