ஏழு பேருக்கான வண்டி

இந்த ஜெர்மன் நாட்டில் எதைக் கேட்டாலும் முதலில் நம்மை எண்ணுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் எத்தனை பேர், உணவகத்தின் கதவைத் திறந்தால் எத்தனை பேர், குப்பைத் தொட்டி கேட்டால்கூட எத்தனை பேர். பழகிப்போன கேள்விதான். ஆனாலும் பழைய கார் விற்கும் கடையின் முற்றத்தில், ஒரு சனிக்கிழமை காலை, ஹெர் பிராண்ட் என்கிற நெட்டை மனிதர் "வீ ஃபீலெ பெர்ஸோனன்?" என்று அதே எத்தனை பேரைக் கேட்டபோது நான் இரண்டு பதில் சொன்னேன். மூன்று என்றேன். உடனே ஐந்து என்று திருத்தினேன். சொல்லிவிட்டு நான் போய் நின்றதோ ஏழு இருக்கை வண்டியின் பக்கத்தில். அவர் என்னையும், என் மனைவி மஞ்சுவையும், அவள் இடுப்பில் இருந்த எங்கள் மகள் இனியாவையும் எண்ணிப் பார்த்தார். மிச்சம் பேர் எங்காவது ஒளிந்திருக்கிறார்களோ என்று என் முதுகுக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, நாம மூணு பேரு. மீதி நாலு சீட்டுல கொழுந்து மூட்டை ஏத்தப் போறீங்களா?" என்றாள் மஞ்சு. அவள் குன்னூர் டவுன்காரி. நான் எது வாங்கினாலும் அதில் தேயிலைத் தோட்டத்து வாடை கண்டுபிடித்துவிடுவாள்.

நான் வளர்ந்தது சேரங்கோட்டில். நீலகிரி முடிந்து கேரளம் தொடங்கப்போகிற மூலையில், மழைக்கும் தேயிலைக்கும் நடுவே ஒரு லயம். பத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஓடுகிற ஜீப்பில் எத்தனை பேர் என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கை காட்டினால் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் ஒரு பெருமூச்சு விட்டு நெருங்கி உட்கார்வார்கள். யார் மடியிலாவது யாருடைய பிள்ளையாவது இருக்கும். டிரைவரே பாதி உடம்பைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவார். பள்ளிக்கூடம் போனதும், பரீட்சைக்குப் போனதும், கோயமுத்தூரில் எஞ்சினியரிங் சேரப் பெட்டியோடு கிளம்பியதும் அப்படி யாருடைய முழங்கையோ விலாவில் குத்தத்தான். அதெல்லாம் இனிமையான நினைவு என்று பொய் சொல்ல மாட்டேன். என் சம்பாத்தியத்தில் ஒரு வண்டி வாங்கி அதில் என் அப்பா அம்மாவைக் கால் நீட்டி உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசை அந்த முழங்கைகளுக்கு நடுவில்தான் முளைத்தது.

அந்த ஆசைக்கு இந்த வருஷம் ஒரு கெடு வந்தது. அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது எல்லோருக்கும் உள்ளதுதான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டை விடும் நாள் வருவதற்குள் இருவரையும் இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு ஒரு விஷயம் தலைக்குள் ஏறிவிட்டால் இறங்காது. விசாவுக்கு வழி தேடினேன். வீட்டில் ஒரு அறையைக் காலி செய்தேன். கொம்பாக்ட் வான் என்று இங்கே சொல்லப்படும் சிறிய வேன்களைப் பற்றி இணையத்தில் இருந்த அத்தனையையும் படித்தேன். வெளியே பார்த்தால் சாதாரணக் காரைவிடக் கொஞ்சம்தான் உயரம். உள்ளே மூன்று வரிசை. வேண்டாதபோது கடைசி வரிசையைத் தரைக்குள் மடித்துவிடலாம். ஐந்து பேருக்கு ஐந்து இருக்கை போதாதா என்று கேட்பீர்கள். சட்டப்படி குழந்தை இருக்கையை நடுவரிசையில் பூட்டிவிட்டால் அதற்கு இருபுறமும் பெரியவர்கள் ஒடுங்கித்தான் உட்கார வேண்டும். மறுபடியும் முழங்கை. அதனால் ஏழு.

முற்றத்தில் இருந்தே அம்மாவை வீடியோவில் அழைத்தேன். ஷீபெட்யூர் என்று ஹெர் பிராண்ட் பெருமையோடு சொன்ன தள்ளு கதவை இழுத்துக் காட்டினேன். முழங்கால் வலிக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்! அம்மா திரையில் முகத்தை மிக அருகே வைத்துப் பார்த்தார்.

"கடேசி சீட்டுல ஜன்னல் தெறக்குமா?"

அதைத்தான் நான் படித்த எந்த விமர்சனமும் கேட்கவில்லை. சேரங்கோட்டிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நடுவட்டத்து வளைவுகளில் அம்மாவுக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். எந்த ஜீப்பிலும் அவருக்கு முன்சீட்டு, ஜன்னலோரம். டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தேன். கடைசி வரிசைக் கண்ணாடி பிரேமோடு ஒட்டியிருந்தது. திறக்குமா என்று ஹெர் பிராண்டைக் கேட்டேன். திறக்காது என்றவர், அவசரம் அவசரமாக ஏசியின் திறமையை விளக்கினார். என் அம்மாவுக்குத் திறக்கிற ஜன்னல் வேண்டும் என்று நான் மறுபடியும் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தி, "ரௌஹ்ட் ஸீ?" என்றார். அம்மா சிகரெட் பிடிப்பாரா என்று கேட்கிறார்! மஞ்சு சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். வளைவு, மலை, வாந்தி என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் முற்றத்துக்கு வெளியே தெரிந்த சாலையைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை அது நேராகப் போனது. "இங்கே வளைவே கிடையாதே" என்றார், கொஞ்சம் வருத்தப்பட்டது போல.

பிறகு அப்பா போனை வாங்கினார். "மூணு பேருக்கு எதுக்குத் தம்பி இம்மாம் பெரிய வண்டி?"

"உங்களுக்கும் சேத்துத்தான்ப்பா."

திரையில் அவர் தலை மட்டும் மெல்ல ஆடியது. "கலரு நல்லா இருக்கு" என்றார். எனக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது. எதைச் சொன்னாலும் சம்மதமாகக் கேட்கிற அவசரத்தில் இருந்தேன். அதே வண்டி ஐந்து இருக்கையோடும் பக்கத்தில் நின்றது. வீட்டைக் காலி செய்ய ஊருக்குப் போகிறேன் என்றேன். ஊருக்குப் போய்விட்டுச் சொல்லுங்கள், இரண்டையும் நிறுத்தி வைக்கிறேன் என்றார் ஹெர் பிராண்ட்.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்து வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. எனக்குச் சந்தோஷம். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லத் தொடங்கினேன். அம்மியெல்லாம் எதற்கு, விமானத்தில் ஏற்ற முடியாது என்றேன். அம்மா அம்மியைச் சாக்கில் சுற்றினார். பக்கத்து வீட்டுப் பார்வதி அத்தை வாசலில் நின்று, "ஜெர்மன்காரரே, அம்மிக்கு ஒரு சீட்டுப் போட்டுக் குடுங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பார்வதி அத்தையின் வாசலிலும் மூட்டைகள் கட்டியிருப்பதைக் கவனித்தேன்.

அப்பாவும் பார்வதி அத்தையின் கணவர் கணேசன் மாமாவும் இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். தலைமன்னாரில் ஏறும்போது இருவரும் கால்சட்டைப் பையன்கள். மண்டபம் முகாமில் பக்கத்துப் பக்கத்துத் தடுப்பு. சேரங்கோட்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பருவத்தில் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். நான் அந்த வீட்டுச் சோற்றில் பாதி வளர்ந்தவன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். வண்டி பார்க்கிற மும்முரத்தில் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் வண்டியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"எத்தன சீட்டுன்ன?"

"ஏழுப்பா."

"நாங்க ஏழு பேரு" என்றார். "நான், ஒங்கம்மா. அங்கிட்டுக் கணேசன், பார்வதி, மகன் முருகேசு, மருமக, அந்தச் சின்னது. ஏழு சரியாப் போச்சு. அப்ப நீயும் மருமகளும் பாப்பாவும் எங்க உக்காருவீங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் தட்டவும் செய்தார். பக்கத்து டவுனான பந்தலூரில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு வாடகைக்குப் பிடித்தாகிவிட்டது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். நான் டிக்கெட் போட்டு வருகிறேன் என்றதும் போனில் சொல்ல மனம் வரவில்லையாம்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. அங்க ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டேன். நான் அங்க இருக்கறப்ப நீங்க ஏன் வாடக வீட்டுல கெடக்கணும்?"

"என்னால ஏலாது தம்பி. அன்னிக்கு எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு வந்தேன். எங்க போறோம், எதுக்குப் போறோம், ஒண்ணுந் தெரியாது. இப்ப ஒன் கையப் புடிச்சிக்கிட்டு அதே மாதிரி வரச் சொல்றியா?"

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "புள்ள மூஞ்சி தொங்கிப் போச்சு பாருங்க. வந்து ஒரு மாசம் இருந்துட்டு வர்றோம்னு சொல்லுங்களேன்."

"அதுக்கென்ன, பாப்போம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் "பாப்போம்" என்றால் என்ன பொருள் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அவர் சொன்னதில் நான் மறுக்க எதுவும் இல்லை. என் வருத்தமெல்லாம் இதுதான்: வண்டியின் நீளத்தை, டிக்கியின் கொள்ளளவை, கதவின் உயரத்தை விசாரித்தவன், அதில் உட்காரப் போகிறவர்களிடம் வருகிறீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோருக்கு அறை ஒதுக்கி வைத்திருக்கும் நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? அவர்களுக்கு ஓர் இடம் தேவை என்று நினைத்தேன். அவர்கள் அதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள். அங்கே எனக்கென்று ஓர் இடம் உண்டா என்று யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

காலி செய்யும் நாளில் முருகேசு தன் ஜீப்பைக் கொண்டுவந்தான். முதல் நடையில் ஆட்கள், இரண்டாம் நடையில் சாமான் என்று ஏற்பாடு. அம்மா முன்சீட்டில் ஜன்னலோரம் ஏறிக்கொண்டார். ஒவ்வொருவராக ஏறி முடிக்க ஜீப் நிறைந்தது. "நீ சாமானுக்குக் காவல் இரு தம்பி, ரெண்டாம் நடையில வந்துரு" என்று அப்பா சொல்ல, "ஜெர்மன்காரரே, அம்மி பத்திரம்!" என்று பார்வதி அத்தை உள்ளிருந்து கத்தினார். முருகேசு வண்டியை எடுத்தான். சிரிப்புச் சத்தம் வளைவு தாண்டியும் கொஞ்ச தூரம் கேட்டது.

காலி வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது மஞ்சு அழைத்தாள். அங்கே காலை நேரம். "ஏனுங்க, அந்தக் கார்க் கடைக்காரரு போன் பண்ணுனாரு. இன்னொருத்தரு வந்து கேக்கறாராமா. ஏழா, அஞ்சான்னு இப்பவே சொல்லோணுமாம்."

"அஞ்சுன்னு சொல்லிடு."

கொழுந்து மூட்டை ஏற்றப்போகிறீர்களா என்று கேட்டவள், இப்போது வெற்றிச் சிரிப்பு சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை மாமா வரலைங்களா?"

"பந்தலூர் போயிட்டாங்க."

"அதுக்கென்னங்க. எப்பவாச்சும் சுத்திப் பாக்கவாச்சும் வருவாங்கல்ல? ஏழே எடுத்துக்கலாங்க."

"வேணாம் மஞ்சு. அந்த சீட்டத் தெனமும் நாமதான் பாத்துட்டு இருக்கணும்."

"சரிங்க" என்றாள். பிறகு, "சாப்டீங்களா?" என்றாள். அவள் வேறு எதையோ கேட்க வந்து அதைக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

முருகேசு திரும்பி வந்தான். இருவரும் சேர்ந்து பீரோ, பாத்திர மூட்டை, அம்மி, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றினோம். முன்சீட்டிலும் டிவியை வைத்துக் கட்டியாகிவிட்டது. பின்னால் மெத்தைச் சுருளின் மேல் ஏறி உட்கார்ந்தேன், முகம் லயத்தைப் பார்த்தபடி. வண்டி நகர, கூரை பின்னால் போனது, பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு பள்ளத்துத் தேயிலை. போகிற திசை என் முதுகுப் பக்கம் இருந்தது. எதிரே தெரிந்ததெல்லாம் விட்டு வந்ததுதான்.

சரிவில் ஜீப் மெதுவானபோது, சாலையோரம் கொழுந்து நிறுக்கக் காத்திருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தினார். எனக்குத் தெரியாத முகம். தோட்டத்தின் வேறு டிவிஷன் ஆளாக இருக்கும். என் சட்டையையும் கோழிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமாகக் கேட்டார்.

"எந்த ஊட்டு ஆளு தம்பி நீங்க?"

காட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். லயத்தின் பக்கமா, பந்தலூர் பக்கமா, அதற்கும் அப்பாலா என்று அது காற்றிலேயே நின்றது. அதற்குள் வளைவு வந்துவிட்டது.