அக்காவின் இரண்டாவது உதை

அக்கா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது என் வேலையாயிற்று. அம்மாவும் அப்பாவும் திராட்சைத் தோட்டத்துக்குப் போனதும் அக்கா கதவைத் தாழிடுவாள். பள்ளியில் கற்ற கராத்தே உதையை என்மேல் பழகுவாள். எனக்கு எட்டு வயது. அவள் கால் எழும் முன்பே கண்ணை மூடிக்கொள்வேன்.

"கண்ணத் தொறடி. மொதல்ல முட்டி நெஞ்சு வரைக்கும் ஏறணும். ஊணுன கால் லேசாத் திரும்பணும். இடுப்பும் சேந்து போகணும். ஒதச்ச கால ஒடனே இழுத்துக்கிரணும்."

"இழுக்கலைன்னா?"

"காலப் புடிச்சுக்கிருவான்."

"யாரு?"

அக்கா மறுபடி உதைத்தாள். நான் சுவரில் போய் மோதினேன்.

ஒரு சாயங்காலம் காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, இருவரும் வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். பின்னால் வந்த பைக் எங்களைத் தாண்டிப் போய்க் குறுக்கே நின்றது. பஸ் நிறுத்தத்தில் தினமும் நிற்பவன்தான். இறங்கி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான். சிரித்தபடியே என்னிடம், "பாப்பா, நீ முன்னால போ. அக்கா பேசிட்டு வருவா" என்றான்.

"போகாத. இங்கனயே நில்லு" என்றாள் அக்கா. அது அவள் குரல் மாதிரியே இல்லை. கரையை ஒட்டிய திராட்சைப் பந்தலுக்குள் ஆள் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்தேன். மருந்தடித்த வாடை மட்டும் வந்தது.

அக்கா உதைத்தாள். பயத்தில் முட்டி ஏறவே இல்லை. செருப்பு அவன் காலில் உரசியதோடு சரி. அவன் பிடியை இறுக்கினான். அக்கா ஒரு காலைப் பின்னால் வைத்தாள். இந்த முறை முட்டி நெஞ்சுக்கு ஏறியது. குதிகால் அவன் அடிவயிற்றில் இறங்கியதும் தெரியவில்லை, திரும்பி வந்ததும் தெரியவில்லை. அவன் மடங்கி பைக்கின் மேலேயே விழுந்தான். அக்கா என் கையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக் கொல்லையில் அக்கா வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு என் தோளைப் பிடித்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லிராத. என்னையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டாக."

ஆளை உதைப்பது அவ்வளவு பெரிய குற்றம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று அம்மா வந்து கேட்டிருந்தால், நான்தான் உதைத்தேன் என்று சொல்லியிருப்பேன்.